லேன் கேபிளில் கோளாறா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சின்ன அலுவலகம், பள்ளி கம்ப்யூட்டர் லேப், கடை பில்லிங் கவுன்டர், கேமரா மாட்டிய வீடு போன்ற இடங்களில் லேன் வேலை பார்ப்பவன் நான். போன் செய்யும் எல்லோரும் சொல்வது ஒரே வாசகம்: "நெட் வரலை." அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. லைட் எரிகிறதா, வேகம் எவ்வளவு காட்டுகிறது, எந்த நேரத்தில் போகிறது என்று கேட்டால்தான் வழி பிறக்கும். இதையும் அப்படித்தான் பிரித்திருக்கிறேன். உங்களிடம் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவருக்குள்ளோ பைப்புக்குள்ளோ கிடக்கும் கேபிள் சும்மா இருக்கும்போது கெடுவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் இருக்கும். எதையும் பார்க்காமலே "புது கேபிள் இழுத்துடலாம் சார்" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கையில் வேண்டியவை: நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சின்ன லேன் கேபிள்), எட்டு லைட் ஓடும் சாதாரண கேபிள் டெஸ்டர், கிரிம்பிங் டூல் (கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கருவி), கொஞ்சம் கனெக்டர், ஒரு டார்ச். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. டெஸ்டரை மாட்டுவதற்கு முன் கேபிளின் இரண்டு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றிவிடுங்கள். பிஓஈ ஸ்விட்ச்சில் (ஸ்விட்ச் என்பது பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி, கேபிள் வழியாகவே கரண்ட்டும் கொடுப்பது பிஓஈ) மாட்டியிருக்கும் கேபிளில் டெஸ்டரைச் செருகினால் டெஸ்டர் போய்விடலாம்.

## அறிகுறி 1: போர்ட்டில் லைட்டே எரியவில்லை

முதலில் காசு செலவில்லாத சோதனைகள். ஸ்விட்ச்சுக்குக் கரண்ட் வருகிறதா? அதே கேபிளை ஸ்விட்ச்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றினால் எரிகிறதா? கனெக்டரின் கிளிப் உடைந்து, செருகியது பாதி வெளியே வந்து நிற்கிறதா? கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டை யாராவது டிஸேபிள் செய்துவிட்டார்களா?

வேறு போர்ட்டில் எரிகிறது என்றால் பழைய போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு கம்பிகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். டெலிபோன் கனெக்டரை லேன் போர்ட்டில் செருகும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அதன் ஓரப் பிளாஸ்டிக் முதல் கம்பியையும் எட்டாவது கம்பியையும் அமுக்கி வளைத்துவிடும். குண்டூசியால் நிமிர்த்தலாம், ஆனால் நிலைக்காது. அந்தப் போர்ட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு வேறு போர்ட்டுக்குப் போய்விடுங்கள்.

எந்தப் போர்ட்டிலும் எரியவில்லை என்றால் இரண்டு பக்கப் பேட்ச் கார்டுகளையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மேசைக்கு அடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் பேட்ச் கார்டுதான் முதல் சந்தேகம்.

அப்புறமும் இல்லை என்றால் சுவர் ஐஓ பாக்ஸிலிருந்து (சுவரில் உள்ள லேன் சாக்கெட்) ரேக் (ஸ்விட்ச் வைத்திருக்கும் இரும்பு அலமாரி) வரை டெஸ்டர் போடுங்கள். எட்டும் எரியவில்லை என்றால் ஒன்று கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது நீங்கள் மறுமுனையில் பிடித்திருப்பது வேறு கேபிள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். லேபிள் ஒட்டாத ரேக்கில் எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

சரியான கேபிள்தான், எட்டும் இருட்டு என்றால் கடைசியாக யார் ஆணி அடித்தார்கள், யார் ஏசி மாட்ட டிரில் போட்டார்கள் என்று விசாரியுங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் எலி. கடித்த இடம் தெரியவில்லை என்றால் தூரம் காட்டும் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். உடைந்த இடம் எத்தனையாவது மீட்டரில் என்று அது சொல்லிவிடும்.

## அறிகுறி 2: லைட் எரிகிறது, ஆனால் 100-லேயே நிற்கிறது

ஜிகாபிட் ஸ்விட்ச், ஜிகாபிட் கார்டு, ஆனால் லிங்க் ஸ்பீட் (இணைப்பு வேகம்) 1000 எம்பிபிஎஸ் காட்டாமல் 100 என்று காட்டுகிறது. எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். எளிதில் தீர்வதும் இதுதான்.

100 ஓடுவதற்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். 1000 ஓட எட்டும் வேண்டும். ஆகவே தேட வேண்டியது 4, 5, 7, 8. அதாவது நீல ஜோடி, பிரவுன் ஜோடி.

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். டிவி, கேமரா, பிரின்டர், விலை குறைந்த ரவுட்டர் ஆகியவற்றில் பலவற்றுக்குப் போர்ட்டே 100தான். அதில் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேட்ச் கார்டு மாற்றியதும் 1000 வந்துவிட்டதா? பழையதை வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் நாளைக்கு வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார்.

வரவில்லையா? ஐஓ பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். பழைய கட்டடங்களில் ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து, நான்கு கம்பியில் ஒரு கம்ப்யூட்டர், மீதி நான்கில் இன்னொன்று என்று ஓட்டியிருப்பார்கள். நீல ஜோடியை இன்டர்காமுக்குக் கொடுத்திருப்பதும் உண்டு. அன்றைக்கு 100 போதும் என்று செய்த வேலை அது. இதற்கு இன்னொரு கேபிள் இழுப்பது தவிர வழியில்லை. இன்டர்காம் தேவையில்லை என்றால் அந்த ஜோடியை மீட்டுவிடலாம்.

எட்டுக் கம்பியும் இருக்கிறது, டெஸ்டரில் ஒன்று மட்டும் எரியவில்லையா? எந்தக் கம்பி என்று டெஸ்டர் சொல்லும். எந்த முனை என்று சொல்லாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரியான கனெக்டரை முன்பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டுக் கம்பிகளின் செம்பு முனையும் மினுங்க வேண்டும். ஏதாவது ஒன்று உள்வாங்கி நின்றால் அதுதான் குற்றவாளி. பிறகு பக்கவாட்டில் பாருங்கள். தங்க முலாம் பூசிய எட்டுத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு இறங்கியிருக்கின்றனவா? ஒன்று தூக்கலாக நின்றால், மறுபடி கிரிம்பிங் டூலில் வைத்து ஓங்கி அழுத்தினாலே சில நேரம் சரியாகிவிடும். கடைசியாக, கேபிளின் வெளித்தோல் கனெக்டருக்குள் போய் அந்தப் பிளாஸ்டிக் ஆப்பு அதைக் கவ்வியிருக்கிறதா? தோல் வெளியே நின்று கம்பிகள் மட்டும் உள்ளே போயிருந்தால், இன்று சரி செய்தாலும் அடுத்த மாதம் மறுபடி போகும்.

ஐஓ பாக்ஸ் பக்கமும் பேட்ச் பேனல் (ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் சாக்கெட் வரிசை) பக்கமும் என்றால் பஞ்ச் டவுன் டூல் (கம்பியைச் சாக்கெட்டின் பிளவில் அழுத்தி இறக்கும் கருவி) வைத்து எட்டையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தி இறக்கிய கம்பிகள்தான் இந்த இடத்தில் தகராறு செய்யும்.

மறுபடி கிரிம்ப் செய்வதென்றால் மூன்று விஷயம். கேட்6 (கேட்5ஈ-க்கு அடுத்த தரக் கேபிள்) கம்பி தடிமன். கேட்5ஈ கனெக்டரில் அதை நெருக்கித் தள்ளினால் ஒன்றிரண்டு பாதியிலேயே நிற்கும், ஆகவே கேட்6 கனெக்டர் வாங்குங்கள். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள், அரை அங்குலம் போதும். நிறவரிசை 568பி என்ற முறைப்படி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.

இரண்டு முனையும் புதிதாகப் போட்டும் அதே கம்பி எரியவில்லை என்றால் நடுவில் உடைந்திருக்கிறது. அப்போது புது கேபிள் இழுக்கலாம், அல்லது 100-லேயே ஓட்டலாம். பில் போடும் கவுன்டருக்கு 100 தாராளம். நான் அப்படியே விட்டுவிடச் சொல்வேன்.

## அறிகுறி 3: விட்டு விட்டுப் போகிறது

இதற்குத்தான் பொறுமை வேண்டும். கேபிளைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் இன்னொன்றில் இணையத்தில் உள்ள ஏதாவது ஒரு முகவரிக்கும் தொடர் பிங் (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை) போட்டு ஓடவிடுங்கள்.

ரவுட்டர் பிங் நிற்கவில்லை, வெளி பிங் மட்டும் நிற்கிறது என்றால் உங்கள் கேபிள் நிரபராதி. இணைப்பு கொடுப்பவரிடம் புகார் செய்யுங்கள்.

ரவுட்டர் பிங்கும் நிற்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட்டில் "மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். லேப்டாப்புகளில் பல நேரம் கதை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் டெஸ்டரை மாட்டி, லைட் ஓடும்போதே கேபிளை இரண்டு முனையிலும் மெதுவாக ஆட்டுங்கள். மேலே, கீழே, பக்கவாட்டில். எங்கே ஆட்டும்போது ஒரு லைட் தவறுகிறதோ அங்கேதான் வியாதி. ஆட்டாமல் வைத்துப் பார்த்து "டெஸ்டர்ல ஓகே" என்று சொல்லிவிட்டுப் போவதால்தான் இந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆட்டியும் தெரியவில்லையா? நேரத்தைக் கவனியுங்கள்.

*மழை பெய்தால் போகிறது:* வெளியே எங்கேயோ ஜாயின்ட் இருக்கிறது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் உள்ளேயே சரிவராது, வெளியே கேட்கவே வேண்டாம். கேமராவின் வால் கனெக்டர், மாடிச் சுவர் ஓட்டை, பைப் வளைவு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தகடுகளில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். வெட்டிவிட்டுப் புது கனெக்டர். தோலை உரித்த இடத்தில் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை இன்னும் வெட்டுங்கள். தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஏறிப்போவது உண்டு. தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் மழை இல்லாமலே உப்புக்காற்று இந்த வேலையைச் செய்துவிடும்.

*மொட்டை மாடி வழியாகப் போகும் கேபிள், வெயில் ஏறினால் போகிறது:* உள்ளறைக்கான கேபிளை மாடியில் ஓட்டியிருப்பார்கள். வெயிலில் தோல் விறைத்து வெடிக்கும். விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் கனெக்டர் மாற்றிப் பயனில்லை. வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்புத் தோல் கேபிளைப் போடுங்கள்.

*லிஃப்ட், மோட்டார், வெல்டிங் ஓடும்போது போகிறது:* லேன் கேபிள் கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் கட்டிப்புரண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். பிரித்துத் தள்ளி ஓட்ட வேண்டும். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். கரண்ட் ஒயர் இருக்கும் பைப்பைத் திறக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது.

எந்த நேரக்கணக்கும் இல்லை என்றால் பழைய 100 ஸ்விட்ச் ஒன்றைத் தேடியெடுத்து ஒரு முனையில் மாட்டி, அதன் வழியாக ஒரு நாள் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் கேபிள் 1000-ஐத் தாங்கவில்லை என்று அர்த்தம். அறிகுறி 2, அறிகுறி 4 இரண்டையும் செய்து பாருங்கள். 100-லும் போகிறது என்றால் முனைகள், ஜாயின்ட்.

## அறிகுறி 4: லைட் உண்டு, டெஸ்டர் எட்டும் சரி, ஆனால் வேகம் இல்லை

ஃபைல் காப்பி ஊர்ந்து போகும், வீடியோ கால் உடையும், டெஸ்டரோ பச்சையாகச் சிரிக்கும். சாதாரண டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்தக் கம்பி எதனோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

முதல் சந்தேகம் நிறவரிசை. புதிதாகக் கிரிம்ப் செய்யக் கற்றவர்கள் பார்க்க அழகாக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் அதே மாதிரி அடுக்கியிருப்பதால் டெஸ்டர் எட்டுக்கு எட்டு கொடுக்கும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று பச்சையிலும் ஒன்று நீலத்திலும் போய் மாட்டியிருக்கும். சின்ன கேபிளில் ஓடிவிடும், தூரம் கூடக் கூடச் சொதப்பும். கனெக்டரைப் பார்த்தாலே தெரியும்: ஆரஞ்சு ஜோடியில் தொடங்கும் வரிசையில் பச்சையும் வெள்ளைப் பச்சையும் அடுத்தடுத்து இருந்தால் தப்பு. இரண்டு முனையும் வெட்டி 568பி-யில் போடுங்கள்.

நிறம் சரி என்றால் நீளம். கேபிள் தோலில் மீட்டரோ அடியோ அச்சடித்திருக்கும். இரண்டு முனையிலும் தெரியும் எண்களைப் படித்துக் கழித்தால் நீளம் வந்துவிடும், டேப் பிடித்து அளக்க வேண்டாம். சுவருக்குள் 90 மீட்டர், பேட்ச் கார்டுகள் சேர்த்து மொத்தம் 100 மீட்டர். அதைத் தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள், இல்லை ஃபைபருக்குப் போங்கள்.

நீளமும் சரி என்றால் ஸ்விட்ச் செட்டிங். மேனேஜ்டு ஸ்விட்ச்சில் (செட்டிங் மாற்றக்கூடிய ஸ்விட்ச்) யாராவது அந்தப் போர்ட்டை 100 ஃபுல் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் முறை) என்று பூட்டிவைத்து, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். இரண்டையும் ஆட்டோவாக்குங்கள். அதே ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வந்த தகவல்) எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து, மறுபடி பாருங்கள். எண் ஏறினால் கேபிள் வழி கெட்டிருக்கிறது. ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கையோ சர்வரையோ பாருங்கள்.

கடைசியாக, கேபிளே மட்டமா? ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். நாலைந்து முறை மடக்கினால் ஒடிந்துவிடும். இதை மறுபடி மறுபடி கிரிம்ப் செய்துகொண்டிருப்பது வீண். முக்கியமான இடங்களுக்கு மட்டுமாவது சுத்தச் செம்பு கேபிள் போட்டுவிடுங்கள். எல்லா முனையும் சரி, கேபிளும் நல்ல செம்பு, எரரும் ஏறுகிறது என்றால் சர்டிஃபிகேஷன் டெஸ்டர் (கேபிள் உரிய வேகத்தைத் தாங்குமா என்று முழுதாக அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம். அந்தக் கருவியின் விலைக்கு ஒரு சின்ன அலுவலகத்துக்கே கேபிள் போட்டுவிடலாம், வாங்க நினைக்காதீர்கள்.

## அறிகுறி 5: கேமரா பகலில் ஓடுகிறது, இருட்டினால் அணைகிறது

கேமராவைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, புது கேமராவும் அதையே செய்யும்போதுதான் கூப்பிடுவார்கள். இரவில் ஐஆர் லைட் (இருட்டில் பார்க்க உதவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு) எரியும்போது கேமரா அதிகக் கரண்ட் இழுக்கும். பகலில் சமாளித்த கேபிள் இரவில் கைவிடும்.

ராத்திரியில் வேறு இரண்டு கேமராவைக் கழற்றிவிட்டால் இது நிற்காமல் ஓடுகிறதா? ஓடினால் கேபிள் சரி. ஸ்விட்ச் மொத்தமாகக் கொடுக்கும் வாட் போதவில்லை. சாதாரணப் பிஓஈ ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரை கொடுக்கும், பிஓஈ பிளஸ் 30 வாட் வரை. ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு கொடுக்கும் சக்தி விலை குறைந்த ஸ்விட்ச்சுகளில் இருக்காது.

ஓடவில்லையா? கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, சின்ன பேட்ச் கார்டில் ஸ்விட்ச் பக்கத்திலேயே மாட்டி, லைட் சென்சாரைக் கையால் மூடுங்கள். இரவு மோடுக்குப் போயும் அணையவில்லை என்றால் கேமரா நல்லது, வழியில்தான் கோளாறு.

இப்போது மல்டிமீட்டர். இரண்டு முனையும் கழற்றிய பிறகு, தூர முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியை முறுக்கிச் சேர்த்து, இந்த முனையில் ஓம் அளவு பாருங்கள். நல்ல செம்பு கேபிள் 100 மீட்டருக்கு 19 ஓம் தாண்டக்கூடாது, 50 மீட்டர் என்றால் அதில் பாதி. நான்கு ஜோடியையும் அளந்து எழுதுங்கள். ஒரு ஜோடி மட்டும் எகிறினால் அந்த ஜோடியின் முனை அல்லது ஜாயின்ட். நான்கும் சமமாக ஒன்றரை மடங்கு காட்டினால் அலுமினியக் கேபிள், மாற்றித்தான் ஆக வேண்டும்.

கனெக்டர் தகட்டில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், கரண்ட் ஓடும்போதே பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறார்கள். புதிது போடுங்கள். பேசிவ் பிஓஈ அடாப்டரின் (எதிரே இருக்கும் கருவி எது என்று பாராமல் கரண்ட் கொடுக்கும் வகை) கரண்ட் முனையை லேப்டாப்பில் செருகிச் சோதிக்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

## அறிகுறி 6: திடீரென்று ஆபீஸ் முழுக்க நின்றுவிட்டது

ரேக்கைப் பாருங்கள். எல்லாப் போர்ட் லைட்டும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னினால் அது லூப், அதாவது ஒரு கேபிள் சுற்றிவந்து அதே நெட்வொர்க்கில் மறுபடி மாட்டியிருக்கிறது. மேசைக்கு அடியில் தொங்கிய ஒரு முனையை யாரோ நல்ல மனதோடு காலியாக இருந்த ஐஓ பாக்ஸில் செருகியிருப்பார்கள். ஐபி போனின் இரண்டு போர்ட்டையும் சுவரிலேயே மாட்டுவதும் இதில் சேர்த்திதான்.

ஸ்விட்ச்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மின்னல் அடங்குகிறதோ அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போங்கள். துப்புரவு வேலை நடந்த அறை, மேசை இடம் மாறிய அறை என்று கேட்டுப் போனால் சீக்கிரம் கிடைக்கும்.

## அறிகுறி 7: இடி இடித்த மறுநாள் ஒரு சில போர்ட் மட்டும் செத்துவிட்டது

முதலில் ரேக்கின் இரும்பைப் புறங்கையால்கூடத் தொடாதீர்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் பார்த்த பிறகுதான் மற்றது.

கரண்ட் கசியவில்லை என்றால் செத்த போர்ட்டுகளில் மாட்டியிருந்த கேபிள்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் மாடிக் கேமரா, பக்கத்துக் கட்டடம், வாட்ச்மேன் அறை. கேபிள் டெஸ்டரில் சரியாகவே இருக்கும். ஆகவே அதையே புது ஸ்விட்ச்சில் மாட்டிவிடுவார்கள், அடுத்த இடியில் புது ஸ்விட்ச்சும் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் கேபிளைச் செம்பில் வைக்காதீர்கள். ஃபைபர் ஒன்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் சின்னப் பெட்டி) போட்டால் இந்தச் செலவு நிற்கும்.

## அறிகுறி 8: ஃபைபர் பெட்டியில் லாஸ் லைட் சிவப்பாக எரிகிறது

லாஸ் (LOS) லைட் எரிந்தால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இங்கே நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மஞ்சள் ஒயர் பெட்டிக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா, கனெக்டர் கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா, பச்சைக் கனெக்டரை நீலச் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். விரலால் துடைக்கவும் வேண்டாம்.

சிவப்பு லைட் இல்லாமல் அடிக்கடி மட்டும் போகிறது என்றால், பிரவுசரில் திறக்கும் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) எண் இருக்கும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் வழியில் எங்கோ ஒளி குறைகிறது. அந்த எண்ணையும், போன நேரங்களையும் எழுதிவைத்து இணைப்பு கொடுப்பவருக்குப் புகார் கொடுங்கள். ஸ்ப்ளைஸ் மெஷின் (ஃபைபரை ஒட்டும் கருவி) இல்லாமல் பெரும்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது. வரும் ஆள் பெட்டியை ரீசெட் செய்துவிட்டுக் கிளம்பப் பார்த்தால், பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.